எம்ஜிபி இன்ஜினை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்கலாம்: முதலில் அளவு, அப்புறம்தான் ஆர்டர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினை முதன்முதலாக வீட்டில் வைத்து முழுசாகப் பிரிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் எம்ஜிபிதான். 1962-இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரிக்கத் தொடங்கி 1980 வரை விட்ட கார் இது. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளியே வந்ததால் இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் புதுசாகக் கிடைக்கிறது. உள்ளே இருப்பது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் இன்ஜின்: 1798 சிசி, நான்கு சிலிண்டர், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, வால்வுகளைத் திறக்க புஷ் ராட் என்னும் நீளக் கம்பிகள், இரண்டு எஸ்யு கார்புரேட்டர். நம்ம ஊர் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டிலும் ஒன்றே, 88.9 மி.மீ., போர் (சிலிண்டரின் உள்விட்டம்)தான் மாறும். அம்பாசடரில் கை வைத்துப் பழகியவருக்கு இதைத் திறந்ததும் பாதி பாகங்கள் தெரிந்த முகமாக இருக்கும்.

வீட்டில் நாம் செய்யப்போவது என்ன, லேத்காரர் செய்யப்போவது என்ன என்பதை முதலிலேயே பிரித்துவிடுவோம். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரை அகலமாகக் குடைவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது), ஹெட் மட்டம் பார்த்துச் சீவுவது, வால்வ் சீட் போடுவது எல்லாம் மெஷின் ஷாப் வேலை. பிரிப்பது, கழுவுவது, அளப்பது, சேர்ப்பது நம் வேலை. இதில் அளப்பதைத்தான் ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள். காரை வாங்கிய கையோடு பிஸ்டன் செட், பேரிங் செட் எல்லாவற்றையும் ஆர்டர் பண்ணிவிட்டு அப்புறம் பிளாக்கைத் திறக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் முந்தைய சொந்தக்காரர் ஏற்கனவே 30 தவ் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருப்பார், கிராங்க் 20 தவ் அண்டர்சைஸில் நிற்கும். (தவ் என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. பிரிட்டிஷ் மேனுவல் எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கும், அதனால் நானும் அப்படியே சொல்கிறேன்.) வாங்கிய பெட்டி அப்படியே அலமாரிக்குப் போகும். ஆகவே பிரித்து, கழுவி, அளந்து, மெஷின் ஷாப்பில் பேசி முடிக்கும்வரை கேஸ்கெட் செட் தவிர எதுவும் வாங்காதீர்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, இந்த இன்ஜினில் பெரும்பாலும் யுஎன்எஃப் என்னும் இஞ்சு அளவு நுண்மரைதான். 7/16, 1/2, 9/16, 11/16, 3/4 என இஞ்சு சைஸ் ஸ்பேனரும் சாக்கெட்டும் வேண்டும். மெட்ரிக் ஸ்பேனரில் ஒப்பேற்றினால் முதல் நாளிலேயே நட்டின் முனை மழுங்கிவிடும். கிராங்க் புல்லி நட்டுக்கு 1 5/16 இஞ்சு சாக்கெட் தனியாக வாங்க வேண்டியிருக்கும். நல்ல டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், 0-25 மற்றும் 50-75 மி.மீ. மட்டும் இருந்தால் போதாது, 25-50 மி.மீ. மைக்ரோமீட்டரும் வேண்டும், ஏனென்றால் பிக் எண்ட் ஜர்னல் (கிராங்கில் கனெக்டிங் ராட் சுற்றிப் பிடிக்கும் உருளைப் பகுதி) 47.65 மி.மீ. அளவில் அங்கேதான் வரும். போர் கேஜ், காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், பிஸ்டன் ரிங் அழுத்தி, ஒரு பாக்கெட் பிளாஸ்டிகேஜ் (பேரிங் இடைவெளி பார்க்கும் இழை), இன்ஜின் ஸ்டாண்ட். கிரேனை வாடகைக்கு எடுத்தால் போதும், இரண்டே நாள்தான் வேலை.

கழற்றும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் வெளியே, ஆக்ஸிலரேட்டர் முழுக்க அமுக்கியபடி ஒவ்வொரு சிலிண்டராக எழுதிக்கொள்ளுங்கள். குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு. ஆயில் அழுத்தமும் பார்க்க வேண்டும். சூடான இன்ஜின் ஓட்டத்தில் 50-லிருந்து 80 பிஎஸ்ஐ காட்ட வேண்டிய வண்டி இது. ஹெட்டில் மட்டும்தான் கோளாறு என்று தெரிந்தால், கீழ்ப்பக்கம் நன்றாக இருந்தால், ஹெட்டை மட்டும் செய்துவிட்டு ஓட்டுங்கள். நல்ல பாட்டம் எண்டை ஆசைக்காகப் பிரிக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

சரி, பிரிக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், பானெட், ரேடியேட்டர், அதைத் தாங்கும் தகடு எல்லாம் கழற்றி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே வெளியே எடுங்கள். காருக்குள்ளேயே இரண்டையும் பிரித்துத் திரும்ப உள்ளே கோப்பதில் கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் கஷ்டப்படும், நம் முதுகும்தான். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 200 கிலோ. தொங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கீழே கையோ காலோ போகக் கூடாது, கிரேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

ராக்கர் ஷாஃப்டைக் கழற்றும்போது ஒரு விஷயம் முக்கியம். ராக்கர் தாங்கிகள் நான்கையும் பிடித்திருக்கும் பெரிய நட்டுகள் ஹெட் நட்டுகளும்கூட. மொத்தம் பதினொரு நட்டில் அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கமாக வளையும். அதனால் பதினொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, வெளியிலிருந்து நடுவுக்கு, சுற்று சுற்றாகத் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள், அந்தப் பரப்பில் விழும் கீறல் அப்புறம் கேஸ்கெட் கசிவாகத் திரும்பி வரும். நட்டு எல்லாம் தளர்ந்தபின் பிளக்கைத் திரும்பப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றினால் உள்ளே அடைபடும் காற்றே ஹெட்டைத் தூக்கிவிடும்.

வெளியே வரும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, புஷ் ராடுகளைச் செருகி வையுங்கள். டாப்பெட்டுகளுக்கும் (கேம் ஷாஃப்டின் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தூக்கும் சிறு உருளைகள்) அப்படியே. பழைய டாப்பெட்டைத் திரும்பப் போடுவதாக இருந்தால் அது தேய்ந்து பழகிய அதே கேம் முனைக்குத்தான் போக வேண்டும். பிக் எண்ட் கேப் (ராடைக் கிராங்கோடு பிடிக்கும் மூடி), மெயின் கேப் (கிராங்கை பிளாக்கோடு பிடிக்கும் மூடி) எதுவும் இடம் மாறக் கூடாது, திசையும் மாறக் கூடாது. பிளாக்கோடும் ராடோடும் சேர்த்து வைத்து மெஷின் செய்தவை அவை. எண் இல்லாவிட்டால் கழற்றும் முன்பே சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள்.

பேரிங் ஷெல்களை (ஜர்னலைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடுகளை) துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, இன்ஜின் எப்படி வாழ்ந்தது என்பது அதில் தெரியும். ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம் இருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்ட வண்டி. நீளமாகக் கோடு கோடாக இருந்தால் ஆயிலில் அழுக்கு ஓடியிருக்கிறது. மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் அந்த ஷெல் தன் காலத்தை முடித்துவிட்டது. ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், அளவு அங்கேதான் பொறித்திருக்கும். ஸ்டாண்டர்டா, 010-ஆ, 020-ஆ என்று பார்த்தாலே கிராங்க் இதுவரை எத்தனை முறை கிரைண்டிங்குக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இனி அளவு. போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை ஓட்டுங்கள், ரிங் ஏறாத இடத்தில் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படிக்கு அடியில், நடுவில், கீழே என மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்கின் நீளவாக்கிலும் குறுக்கிலும் போர் கேஜை வைத்து அளந்து எழுதுங்கள். ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு, மொத்தம் 24. குறுக்குவாக்கில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும், ஏனென்றால் பிஸ்டன் சுவரைத் தள்ளுவது அந்தப் பக்கமாகத்தான். ஒரிஜினல் போர் 80.26 மி.மீ. மேலுக்கும் கீழுக்கும் 0.15 மி.மீ. வித்தியாசம் தாண்டினால் யோசிக்க வேண்டாம், ரீபோர்தான். ஒரு சிலிண்டர் மட்டும் மோசமாக இருந்தாலும் நான்கையும் ஒரே அளவுக்குத்தான் போட வேண்டும். 30 தவ் ஏற்றினால் 1833 சிசி, 40 தவ் ஏற்றினால் 1845 சிசி வரும். சிசி கூடுகிறதே என்று தேவைக்கு மேல் போர் போடாதீர்கள், தேய்மானம் மறையும் மிகக் குறைந்த அளவோடு நிறுத்தினால் அடுத்த முறைக்கு பிளாக்கில் சதை மிச்சமிருக்கும்.

கிராங்க் ஜர்னலையும் அதேபோல இரண்டு திசையில் அளக்க வேண்டும். மெயின் 54 மி.மீ., பிக் எண்ட் 47.65 மி.மீ. சுற்றளவில் ஒரு தவ்வுக்கு மேல் வட்டம் கெட்டிருந்தாலோ நகம் மாட்டும்படி கீறல் இருந்தாலோ கிரைண்டிங் கொடுங்கள். இன்னொன்று, 1964 கடைசி வரை வந்த 18ஜி, 18ஜிஏ இன்ஜின்களில் மெயின் பேரிங் மூன்றுதான், அதற்குப் பிறகு 18ஜிபி முதல் ஐந்து. பேரிங்கும் பின்பக்க ஆயில் சீலும் இரண்டுக்கும் வேறு வேறு. பிளாக்கில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் கடைக்காரரிடம் வெறுமனே எம்ஜிபி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மெஷின் ஷாப்புக்கு பிளாக் போகும்போது புது பிஸ்டனும் கூடவே போக வேண்டும். அவர் பிஸ்டனை அளந்து அதற்குத்தான் போர் போடுவார், பெட்டியில் எழுதிய அளவுக்கு அல்ல. ஹெட்டையும் அனுப்புங்கள். 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே துவாரத்தில் சேர்வதால் நடுப்பகுதி ரொம்பச் சூடாகும், வால்வ் சீட் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்து ஹெட் இது. அந்த ஈயம்தான் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே காப்பாக இருந்தது. பிரிட்டனில் 1999 முடிவோடு அதன் பொது விற்பனை நின்றுபோன பிறகு, வேகமாக ஓட்டும் வண்டிகளில் வால்வ் மெதுவாக வார்ப்பிரும்புக்குள்ளேயே இறங்கத் தொடங்கும்.

கழுவுவது

இதற்குத் தனித் தலைப்பே கொடுக்கலாம், அவ்வளவு முக்கியம். போர் போட்டு ஹோன் செய்து (உரைகல்லால் சுவரைத் தேய்த்து) வந்த பிளாக் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் சுவரின் நுண்ணிய கோடுகளுக்குள் உரைகல் துகள் இருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ விட்டுத் துடைத்தால் அது போகாது, ஆயிலைத்தான் கழுவும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கடினமான பிரஷ், இவை மூன்றும்தான் வழி. வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு போர் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி கழுவுங்கள், வெள்ளையாகவே வரும் வரைக்கும். அப்புறம் உடனே காற்றடித்துக் காயவைத்து ஆயில் பூசிவிட வேண்டும். விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்புவதற்குள் துரு ஏறியிருக்கும்.

ஆயில் ஓடும் பாதைகளின் அடைப்பான்களையும் கழற்றி, நீளமான மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கிராங்க்குள் இருக்கும் துளைகளும் அப்படியே, கிரைண்டிங் துகள் அங்கேதான் பதுங்கும். தண்ணீர்ச் சட்டைக்குள் (சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடத்துக்குள்) பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றி, பல வருஷத் துருச் சேறு கெட்டியாக உட்கார்ந்திருக்கும். பிளாக்கின் டிரெயின் குழாயைத் திறந்தும் தண்ணீர் வராத வண்டிகள் எல்லாம் இந்தக் கதைதான். கோர் பிளக்குகளை (பிளாக்கில் இருக்கும் துளைகளை மூடும் தகடுகளை) எடுத்துவிட்டுக் கம்பியால் குத்திக் குத்தி வெளியே கொண்டுவாருங்கள். சூடாகும் எம்ஜிபி என்று புலம்புகிறவர்களில் பலருக்கு மருந்து இந்தச் சேற்றை எடுப்பதுதான்.

சேர்ப்பது

ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், முகப்பில் மட்டும் அசெம்ப்ளி லூப் (சேர்க்கும்போது பூசும் மசகு). ஆனால் முதலில் லூப் இல்லாமல் ஒருமுறை பிளாஸ்டிகேஜ் போட்டுப் பார்த்துவிடுங்கள். மெழுகு நூல் மாதிரி ஒரு சிறு இழை. அதை ஜர்னலின் மேல் நீளவாக்கில் வைத்து, கேப்பைப் போட்டு, முழு டார்க் கொடுத்து, கிராங்கை அசைக்காமல் திரும்பக் கழற்றினால் இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்டிருக்கும் அளவுகோலோடு அகலத்தை ஒப்பிடுங்கள். அகலமாக நசுங்கினால் இடைவெளி குறைவு. மெயினுக்கு 1-லிருந்து 2.7 தவ்வுக்குள் வர வேண்டும். பட்டை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் ஜர்னல் சரிவாகக் கிரைண்ட் ஆகியிருக்கிறது. கிராங்கைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள், சங்கடப்படாதீர்கள்.

மெயின் கேப் 70 பவுண்டு-அடி (95 நியூட்டன் மீட்டர்). நான் ஐந்தையும் ஒரேயடியாக முறுக்குவதில்லை. ஒரு கேப்பை முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்கிறேன், அப்புறம்தான் அடுத்தது. எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கேதான் பிரச்சினை, தேட வேண்டியதே இல்லை. நடு மெயினில் உட்கார்ந்து கிராங்க் முன்னும் பின்னும் நகர்வதைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் வாஷர்களின் ஆயில் பள்ளம் கிராங்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். டயல் கேஜை கிராங்க் முனையில் வைத்து முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள், ஐந்து பேரிங் இன்ஜினுக்கு 4-லிருந்து 5 தவ்.

ரிங்கை பிஸ்டனில் மாட்டும் முன் ஒவ்வொன்றையும் அதன் போருக்குள் விட்டு, தலைகீழான பிஸ்டனால் கொஞ்சம் கீழே நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். மேல் இரண்டு ரிங்குக்கும் 12 தவ்வுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, ரிங் உடைந்து போரையும் கீறிவிடும். மெல்லிய அரத்தால் ஒரே முனையில் தேய்த்துச் சரிசெய்யலாம். மாட்டியபின் ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வராமல் சுற்றித் திருப்பி வையுங்கள்.

ராட் போல்ட் இருந்தால் அதன் மேல் பழைய ரப்பர் குழாய்த் துண்டு மாட்டி, புதுசாகப் பளபளக்கும் ஜர்னலைக் காப்பாற்றுங்கள். பிஸ்டனின் முன்பக்கக் குறி ரேடியேட்டர் பக்கம் இருக்க, ரிங் அழுத்தியை நன்றாக இறுக்கி, சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டித் தட்டி இறக்க வேண்டும். நடுவில் சட்டென்று கெட்டியாக நின்றால் ரிங் வெளியே துள்ளியிருக்கிறது. அங்கேயே நிறுத்தி வெளியே எடுத்துப் பாருங்கள், பலம் கொடுக்கக் கூடாது. பிக் எண்ட் 35-லிருந்து 40 பவுண்டு-அடி, பிந்தைய ராடுகளின் பன்னிரண்டு முனை நட்டுகளுக்கு 33. போல்ட், லாக் தகடு எல்லாம் புதுசு போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேமும் டாப்பெட்டும் ஜோடி. புது கேமுக்குப் பழைய டாப்பெட் போட்டால் கொஞ்ச நாளில் இரண்டும் சேர்ந்து போகும். டைமிங் செயின் மாட்டும்போது இரண்டு பல்சக்கரத்திலும் இருக்கும் புள்ளிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும், இரண்டு ஷாஃப்டின் மையத்தையும் இணைக்கும் கோட்டில். டைமிங் கவரை முதலில் தளர்வாக மாட்டி, கிராங்க் புல்லியை உள்ளே தள்ளி, சீல் தானாக மையத்துக்கு வந்தபின்தான் கவரின் போல்டுகளை இறுக்க வேண்டும். முன்பக்கம் ஆயில் கசியாமல் இருப்பதற்கு இந்த ஒரு நிமிஷப் பொறுமைதான் காரணம். ஆயில் பம்ப்பை மாட்டும் முன் உள்ளே ஆயில் நிரப்பி விடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவைப் பிடித்து இறக்குவதற்குத் தனிக் கருவி தேவையில்லை, அதன் தலையில் ஏறும் நீளமான 5/16 யுஎன்எஃப் போல்ட் ஒன்று போதும்.

ஹெட் கேஸ்கெட்டில் முன்பக்கம் எது, மேல்பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். உலர்வாகவே போடுங்கள், பசை எதுவும் தடவ வேண்டாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், 45-லிருந்து 50 பவுண்டு-அடி. ராக்கர் தாங்கியின் சின்ன நட்டுகளுக்கு 25. வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 15 தவ். கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்: 8-வது வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்கும்போது 3, 4 திறந்திருக்கும்போது 5, இப்படியே.

முதல் ஸ்டார்ட்

துத்தநாகம் போதுமான அளவுள்ள 20W-50 ஆயில் ஊற்றுங்கள், இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயில் இந்த கேமுக்கு ஆகாது. பிளக்குகளைக் கழற்றி, காயில் வயரைப் பிரித்துவிட்டு, ஆயில் கேஜ் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். தொடர்ந்து சுற்றாமல் விட்டு விட்டு, ஸ்டார்ட்டர் ஆற நேரம் கொடுத்து. முள் எழாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. அதற்குள் தண்ணீர், பெட்ரோல், டைமிங் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பாயின்ட் இடைவெளி 15 தவ், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ஆரம்பத்துக்கு டைமிங் 10 டிகிரி முன்னதாக வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஏன் இவ்வளவு ஏற்பாடு என்றால், புது கேம் போட்ட இன்ஜினை ஐடிலில் விட்டு கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது. கேமுக்கும் டாப்பெட்டுக்கும் ஆயில் தெறித்துத்தான் போகிறது, ஐடிலில் அது போதாது. பிடித்த உடனே 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி 20 நிமிஷம் அங்கேயே, கொஞ்சம் ஏற்றி இறக்கியபடி வையுங்கள். ஒரு கண் ஆயில் கேஜில், இன்னொரு கண் வெப்பநிலையில். பக்கத்தில் ஒரு ஆளையும் தீயணைப்பானையும் வைத்துக்கொள்ளுங்கள், புது ஹோஸ் எதுவும் கழன்றால் பார்க்க.

ரிங் படிய வேண்டுமானால் பயந்து பயந்து ஓட்டக் கூடாது, அதற்காக வெறித்தனமாகவும் வேண்டாம். நடு வேகத்தில் கொஞ்சம் பளு கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்து ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போவதைத் தவிருங்கள். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றிவிட்டு, பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை, கண்ணில் படுமளவு மினுமினுக்கும் செதில் இருந்தால் சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) கழற்ற வேண்டும். 800 கிலோமீட்டர் வாக்கில் இன்ஜின் முழுக்க ஆறியபின் ஹெட் நட்டுகளை அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒன்றாக, லேசாகத் தளர்த்தித் திரும்ப டார்க் கொடுங்கள். அதைச் செய்ததும் வால்வ் இடைவெளி மாறியிருக்கும், எட்டையும் மறுபடி 15 தவ்வுக்குக் கொண்டுவந்துவிட்டு ராக்கர் கவரை மூடுங்கள்.